நூலகத்தின் சும்மா கிடக்கும் இடம்: படிப்பு முற்றமா, மூலிகைத் தோட்டமா, மேடையா?

வாசகர் வட்டத்தில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கிளை நூலகத்துக்குப் பக்கத்திலோ பின்னாலோ மூன்று, நான்கு சென்ட் இடம் கிடக்கிறது. பார்த்தீனியம் மண்டி, உடைந்த நாற்காலியும் துருப்பிடித்த பழைய ரேக்கும் குவிந்து, மூலையில் ஒரே ஒரு வேப்பமரம் மட்டும் தப்பித்து நிற்கிறது. இப்போது ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார், அல்லது சட்டமன்ற உறுப்பினர் நிதியில் கொஞ்சம் கிடைக்கும் போலிருக்கிறது. ஊருக்குப் பயன்படும் தோட்டமாக மாற்றலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எந்த மாதிரித் தோட்டம் என்று வரும்போதுதான் பேச்சு நீள்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் மூலிகைத் தோட்டம் என்கிறார். இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர் மேடை வேண்டும் என்கிறார். பிள்ளையைக் கூட்டிவரும் அம்மா ஊஞ்சல் கேட்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. அவர்கள் வராண்டாவில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு முதல் தேவை நிழலும் உட்கார இடமும். மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சில ஊர்களுக்கு இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

இடம் யாருடையது. எல்லாக் கிளை நூலகங்களும் சொந்தக் கட்டடத்தில் இல்லை. சில வாடகையில் ஓடுகின்றன. சில ஊராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த கட்டடத்தில் இருக்கின்றன. சில ஊர்ப் பெரியவர் எழுதிக்கொடுத்த மனையில் நிற்கின்றன. வாடகை இடமென்றால் தரையில் ஒரு செங்கல்கூடப் பதிக்காதீர்கள். தொட்டிச் செடியும் தூக்கிப்போகக்கூடிய நாற்காலியும் போதும். மற்ற இடங்களில் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். உள்ளாட்சியின் இடம் என்றால் அவர்கள் தீர்மானமும் வேண்டும். மரக்கன்று நடுவதற்கு எதற்கு அனுமதி என்று தோன்றும். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் கட்டடத்தை விரிவாக்கத் திட்டம் வரும்போது அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

நண்பகலுக்குப் பின் நிழல் எங்கே விழுகிறது. கட்டடத்தின் கிழக்குப் பக்கம் காலி இடம் இருந்தால் அதிர்ஷ்டம்; மதியத்துக்கு மேல் கட்டடமே நிழல் தரும். மேற்குப் பக்கம் என்றால் மூன்று மணிக்கு சிமெண்ட் பெஞ்சில் கை வைக்க முடியாது. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்தானே என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே அல்லது சற்று வடக்கே சாய்ந்துதான் இருக்கும். நிழல் மிகவும் தேவைப்படும் மாதங்களில் வடக்குப் பக்கமும் வெயிலில் காயும்.

மே மாதத் தண்ணீர். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கோடையில் புல்தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அப்படியானால் தினமும் 460 லிட்டருக்கு மேல். கழிப்பறைக்கே தண்ணீர் வராத நூலகத்தில் இதற்கு எங்கே போவது? புல்தரையை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்காததற்கு இதுதான் காரணம்.

ஆறு மாதம் கழித்து யார் இருப்பார்கள். கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரு நூலகர். உதவிக்கு இன்னொருவர் இருந்தால் அதுவே அதிகம். புத்தகம் கொடுத்து, வாங்கி, பதிவேடு எழுதி, கதவு பூட்டுவதே அவருக்கு முழுநேர வேலை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். இன்று அது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. புத்தகம், சம்பளம், வாடகை என்று அது போய்விடும். தோட்டக்காரருக்குச் சம்பளம் அதிலிருந்து வரும் என்று நம்பி எதையும் தொடங்கக் கூடாது.

தெருவிலிருந்தும் நூலகர் மேசையிலிருந்தும் தெரிகிறதா. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நியூயார்க்கில் பொது நூலகத்தின் பின்புறம் பிரையன்ட் பூங்கா இருக்கிறது. 1970-களில் அது போதைப்பொருள் விற்கும் இடமாகிப் போனது. உயரமான வேலிச் செடிகளும் சுற்றுச்சுவரும் உள்ளே நடப்பதைத் தெருவிலிருந்து மறைத்ததும் ஒரு காரணம் என்று கண்டறிந்தார்கள். வேலிச் செடிகளை எடுத்து, வாசல்களை அகலமாக்கி, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளைப் பரப்பி 1992-இல் திறந்தார்கள். இன்று நகரத்திலேயே மக்கள் மிகவும் விரும்பி உட்காரும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் ஊரிலும் அதே கதைதான். மறைவான இடத்துக்குக் கல்லூரிப் பெண்கள் வரமாட்டார்கள். மாலையில் வேறு ஆட்கள் வருவார்கள்.

கழிப்பறையும் குடிநீரும். தோட்டம் நன்றாக அமைந்தால் ஆட்கள் நான்கைந்து மணி நேரம் இருப்பார்கள். அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள்? பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத நூலகத்தில் தோட்டத்துக்கென்று வந்த பணத்தின் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும். நன்கொடையாளர் முகம் சுளித்தாலும் சொல்லிப் புரியவையுங்கள்.

## படிப்பு முற்றம்

இரண்டு, மூன்று நிழல் மரங்கள், கெட்டியான சமதரை, உட்காரவும் எழுதவும் வசதி, மாலைக்கு விளக்கு, போன் சார்ஜ் போட நான்கு பிளக். அவ்வளவுதான். பார்க்க இதில் பெரிதாக எதுவும் இருக்காது. திறப்பு விழாப் புகைப்படத்தில் எடுபடாது என்பதால் கூட்டத்தில் இதற்கு ஆதரவும் குறைவாகவே கிடைக்கும். ஆனால் வருடம் முழுக்க, நாள் முழுக்கப் பயன்படுவது இதுதான்.

மரத்தில் என் தேர்வு புங்கை. சீக்கிரம் வளரும், அடர்ந்த நிழல் தரும், வறட்சி தாங்கும். மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் தளிர்த்துவிடும். வேம்பும் நல்லதுதான், பழம் விழும் மாதத்தில் தரை பிசுபிசுக்கும், அதைக் கூட்ட வேண்டும். மகிழம் அழகு, ஆனால் மெதுவாக வளரும். பேரப்பிள்ளைகளுக்காக ஒன்று வையுங்கள். தூங்குமூஞ்சி மரம் விரிந்து நிழல் தந்தாலும் கிளை முறியும். நாகலிங்கத்தின் காய் தலையில் விழுந்தால் காயம் நிச்சயம். அரசு, ஆல் இரண்டையும் கட்டடத்துக்கு அருகே யோசிக்கவே வேண்டாம். சென்னையில் 2016 டிசம்பர் வர்தா புயலும், டெல்டாவில் 2018 நவம்பர் கஜா புயலும் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சுற்றிலும் சிமெண்ட் போட்டு வேரை நெருக்கிய மரம் காற்றைத் தாங்காது. அடிமரத்தைச் சுற்றி நான்கடிக்காவது மண் திறந்திருக்கட்டும்.

கன்று நிழல் தர மூன்று, நான்கு வருடமாகும். அதுவரை என்ன செய்வது என்பதில்தான் இந்தத் தேர்வின் மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. பச்சை வலை மலிவு, ஆனால் இரண்டு, மூன்று கோடையில் கிழிந்து தொங்கும். தகரக் கூரை அனலைக் கீழே இறக்கும். மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கீற்றுக் கொட்டகை குளிர்ச்சிதான். ஆனால் 2004 கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. புத்தகமும் பிள்ளைகளும் இருக்கும் கட்டடத்தை ஒட்டிக் கீற்று போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த சின்னக் கூரை ஒன்று முதலில் செலவு வைக்கும். பிறகு பல வருடம் தொந்தரவு இல்லை.

இருக்கையைப் பொறுத்தவரை, "உபயம்" என்று பெயர் பொறித்த சிமெண்ட் பெஞ்சுகள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெயர் போட இடம் இருந்தால்தான் சிலர் பணம் தருவார்கள். ஆனால் பெஞ்சை எங்கே போடுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒரே வரிசையில் சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சில் மூன்று பேர் சேர்ந்து படிக்க முடியாது. எதிரெதிரே இரண்டு பெஞ்சு, நடுவில் கடப்பாக் கல் பதித்த மேசை என்று அமைத்தால் நான்கு பேர் குறிப்பேட்டை விரித்து எழுதலாம். கூடவே பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நிழல் நகர நகர ஆட்களும் நகர்வார்கள். இரவில் உள்ளே எடுத்து வைக்கும் வேலை யாருடையது என்று முன்பே பேசிவிட வேண்டும்.

தரைக்கு முழுவதும் பேவர் கல் பதிக்கச் சொல்லி ஒப்பந்தக்காரர் வற்புறுத்துவார். நடைபாதைக்கும் மேசைக்கு அடியிலும் மட்டும் போதும். அங்கே 60 மில்லிமீட்டர் கனம் தாராளம். 80 என்பது வண்டி ஓடும் இடத்துக்கு. மிச்ச இடத்தில் கிராவல் அடித்து இறுக்கிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

தினமும் இலை கூட்டுவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கிளை கழிப்பது, கொசு. இவை மூன்றும் இந்தத் தேர்வோடு ஒட்டிக்கொண்டு வரும் வேலைகள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, உடைந்த வாளி எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்துவிட ஒரு ஆள் வேண்டும்.

நூலகத்துக்குள் இடம் போதாமல் வராண்டாவிலும் படிக்கட்டிலும் ஆள் உட்காரும் ஊர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதையே செய்யுங்கள். காலையில் பேப்பர் படிக்க வரும் நாலு பெரியவர்களைத் தவிர யாருமே வராத நூலகம் என்றால் பெஞ்சு போட்டதால் மட்டும் ஆள் வந்துவிடாது. அங்கே கீழே வரும் வேறு ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

## மூலிகை, கீரைத் தோட்டம்

துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை, நொச்சி, கற்றாழை, பிரண்டை, கீழாநெல்லி. கன்றுகள் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே கிடைக்கும். தொடக்கச் செலவு மிகக் குறைவு. சிறுகீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். பிள்ளைகளுக்கு உடனே பலன் தெரிகிற பயிர். பக்கத்து அலமாரியில் சித்த மருத்துவம், தோட்டக்கலைப் புத்தகங்களை எடுத்து வைத்தால் தோட்டத்துக்கும் நூலகத்துக்கும் நேரடித் தொடர்பு வந்துவிடுகிறது. இந்தத் தேர்வில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

சிக்கல் கோடையில் வரும். இத்தகைய தோட்டங்களைப் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை நம்பித்தான் தொடங்குகிறார்கள். ஏப்ரலில் தேர்வு, மே முழுக்க விடுமுறை. செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில் ஊற்ற ஆளே இருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பாதிக்குமேல் காய்ந்திருக்கும். பெயர்ப் பலகைகள் மட்டும் வரிசையாக நிற்கும். நூலகத்தின் வார விடுமுறை நாளில் கதவு பூட்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வெளியிலிருந்து குழாயைத் திறக்க வழி இருக்கிறதா?

பறிப்பதிலும் தகராறு வரும். தண்ணீர் ஊற்றியது ஒருவர், கீரையைக் கிள்ளிப் போனது வேறொருவர் என்ற புகார் எந்தச் சமூகத் தோட்டத்திலும் எழும். சனிக்கிழமை பறிப்பது, வேலை செய்தவர்களுக்கு முதல் பங்கு, மிச்சம் யார் வந்தாலும் என்று பலகையில் எழுதி வைத்துவிடுவது நல்லது. ஆட்டுக்கு வேலியும் வேண்டும். ஆடாதோடையையும் நொச்சியையும் ஓரமாக நெருக்கி நட்டால் ஆடு அவற்றைக் கடிக்காது. கம்பி வேலிச் செலவு கொஞ்சம் மிச்சமாகும். இடுப்பளவுக்கு மேல் வளரவிடாதீர்கள், உள்ளே பார்வை மறையும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் வரும் இடத்தில் அரளி, ஊமத்தை, எருக்கு, குன்றிமணி கூடவே கூடாது. மூலிகைதானே என்று சிலர் கொண்டுவந்து நட்டுவிடுவார்கள். பலகையில் செடியின் பெயரும் அடையாளமும் எழுதுங்கள். எந்த நோய்க்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுத வேண்டாம்.

தினமும் காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள் ஐந்தாறு பேரோ, மகளிர் சுயஉதவிக் குழுவோ பொறுப்பெடுத்துக்கொண்டால் இந்தத் தோட்டம் பிரமாதமாக நடக்கும். ஒரே ஒரு ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பி இறங்கினால் அவருக்கு மாறுதல் வந்த மாதமே அது முடிந்துவிடும்.

## திறந்தவெளி மேடை

புத்தக வெளியீடு, கவியரங்கம், பிள்ளைகளின் பேச்சுப் போட்டி, ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் விழா. ஊரில் வேறு மண்டபமே இல்லாதபோது இந்த ஆசை நியாயமானதுதான். சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் திறந்தவெளி அரங்கு இருக்கிறதே என்று உதாரணமும் காட்டுவார்கள். அங்கே உள்ளரங்கமும் இருக்கிறது, பராமரிக்கத் தனி ஆட்களும் இருக்கிறார்கள். கிளை நூலகத்துக்கு அந்த அளவுகோலை எடுக்க முடியாது.

முக்கியமான கேள்வி, வருடத்தில் எத்தனை நாள் மேடை ஏறுவீர்கள்? மாதம் ஒரு கூட்டம் என்றாலும் பன்னிரண்டு நாள். மற்ற நாட்களில் அது வெயிலில் காயும் சிமெண்ட் தளம். நம்முடைய பெரிய கொண்டாட்டமான தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுவே. கூரை இல்லாத மேடையில் அந்த வாரம் விழா நடத்துவது வானத்தின் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. 1,000 சதுர அடிக்குச் சிமெண்ட் போட்டால், 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தத் தளத்திலிருந்து எங்காவது ஓடியாக வேண்டும். வாட்டம் தவறினால் அது நூலகச் சுவரைத் தேடி வரும். சுவர் ஓதம் காத்தால் அடுத்தது கரையான், பூஞ்சை. புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. மேடை கட்டியே தீர வேண்டும் என்றால் தளத்தின் ஓரத்தில் மழைநீர் சேகரிப்புக் குழியும் அதே மதிப்பீட்டில் சேரட்டும்.

அப்புறம் வரும் நெருக்கடி வேறு வகை. மேடை இருக்கிறது என்று தெரிந்ததும் பிறந்தநாள் விழா, கட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால் நூலகர்தான் மாட்டிக்கொள்வார். உள்ளே படிப்பவருக்கு ஒலிபெருக்கிச் சத்தம். நூலகத்தின் மின் இணைப்பில்தான் எல்லாம் ஓடும். கட்டணமும் அதே கணக்கில் ஏறும். யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை மணிவரை, எவ்வளவு கட்டணம் என்று ஆணைக்குழுவின் எழுத்து உத்தரவு கையில் இல்லாமல் மேடை கட்டாதீர்கள்.

என் யோசனை இது. ஒன்றரை அடி உயரத்தில், பன்னிரண்டுக்குப் பத்தடி அளவில், மரத்தடியில் ஒரு திண்ணை. கூட்டம் நடக்கும் நாளில் அது மேடை. மற்ற நாளில் ஆறு பேர் கால் நீட்டி உட்கார்ந்து படிக்கும் இடம். பாதிக் கூட்டங்களுக்கு மைக்கே தேவைப்படாது.

## குழந்தைகள் மூலை

நூலகத்துக்குப் பெண்கள் குறைவாக வருகிறார்கள் என்று வருத்தப்படும் ஊர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அரை மணி நேரம் வேலை கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்ட நேரம் கிடைக்கும். வாரம் இருமுறை அப்படி வந்தால் உறுப்பினர் அட்டையும் வாங்கிவிடுவார்.

ஊஞ்சலும் சறுக்கு மரமும்தான் உடனே நினைவுக்கு வரும். இரும்புச் சறுக்கு மதியம் தொடைச் சதையைச் சுட்டுவிடும். ஊஞ்சலின் கொக்கி கடலோர ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதை மாதாமாதம் பார்க்கிற பொறுப்பு யாருக்கும் இருக்காது. மணல் குழி வைத்தால் இரவில் பூனை, நாய் அசுத்தம் செய்யும், மூடி வேண்டும். இவற்றைவிட மலிவும் நீடிப்பும் உள்ள வழி ஒன்று இருக்கிறது. கருங்கல் பலகையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம், பல்லாங்குழி, தாயக்கட்டம் செதுக்கித் திண்ணையில் பதித்துவிடுங்கள். தரையில் பாண்டிக் கோடு. கல் தச்சருக்கு ஒருமுறை கூலி, பிறகு பராமரிப்பே இல்லை. தாத்தாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஆரம்பிப்பார்கள். ஆட்டக் காய்களுக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும்.

முருங்கையை இந்த மூலையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மரத்தையே மூடிவிடும். பிள்ளை மேல் பட்டால் தடித்துச் சிவக்கும்.

இதில் மறைமுகச் செலவு என்று பார்த்தால் வேலியும் கதவும்தான் பெரிது. தெருவுக்கு நேராகத் திறக்கும் இடத்தில் நான்கு வயதுப் பிள்ளையை விட முடியாது. சத்தமும் வரும். படிக்கும் அறையின் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அமைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரியவர் யாரும் இல்லாமல் பிள்ளைகளைத் தனியே விட்டுப்போகக் கூடாது என்ற விதியை வாசலிலேயே எழுதுங்கள். நூலகர் காப்பாளர் அல்ல.

## குறுங்காடு

மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகளை நெருக்கி நடும் குறுங்காடு இப்போது எல்லா ஊரிலும் பேசப்படுகிறது. நன்கொடை நிறுவனங்களும் இதற்கு எளிதில் பணம் தருகின்றன. முதல் இரண்டு, மூன்று வருடம் தண்ணீரும் களையெடுப்பும் உண்டு, அதன்பின் தானே வளரும். ஏரிக்கரைக்கும் பெரிய புறம்போக்குக்கும் நல்ல திட்டம். நான்கு சென்ட் நூலக இடத்துக்கு வேண்டாம். உள்ளே மனிதர் நடக்க முடியாது, உட்கார முடியாது, தெருவிலிருந்து பார்வை முழுதாக மறைந்துவிடும், பாம்பு பயத்தில் பக்கத்தில் இருக்கும் பெஞ்சும் காலியாகும். பின்சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்தில் ஒரு பட்டை மட்டும் என்றால் சரி.

## ஒரே பார்வையில்

| | படிப்பு முற்றம் | மூலிகை, கீரை | மேடை | குழந்தைகள் மூலை | குறுங்காடு |
|---|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | குறைவு | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், நன்கொடை எளிது |
| மே மாதத் தண்ணீர் | மரம் வேர்பிடிக்கும்வரை மட்டும் | தினமும் | இல்லை | குறைவு | முதல் 2–3 வருடம் அதிகம் |
| தினசரி ஆள் | கூட்டுவதற்கு | கட்டாயம் வேண்டும் | நிகழ்ச்சி நாளில் | கண்காணிப்பு வேண்டும் | ஆரம்பத்தில் மட்டும் |
| வருடத்தில் பயன்படும் நாள் | ஏறக்குறைய எல்லா நாளும் | காலை, மாலை சில மணி நேரம் | மிகச் சில | மாலையும் விடுமுறையும் | உள்ளே போக முடியாது |
| எதிர்பாராத செலவு | தற்காலிகக் கூரை, கழிப்பறை | வேலி, கோடை ஆள் | வடிகால், மின்கட்டணம், அனுமதித் தகராறு | வேலி, கதவு, பழுது | பார்வை மறைவு |
| யாருக்கு ஏற்றது | இடம் போதாத நூலகம் | பொறுப்பேற்கும் குழு உள்ள ஊர் | மண்டபம் இல்லாத ஊர் | பெண்கள் வரத்து குறைந்த ஊர் | ஓரப் பட்டைக்கு மட்டும் |

## நான்கு சென்ட் இருந்தால் நான் பிரிக்கும் விதம்

நான்கு சென்ட் என்பது சுமார் 1,740 சதுர அடி. அதில் பாதிக்குமேல் படிப்பு முற்றம், மரத்தடித் திண்ணையோடு. ஜன்னல் இல்லாத பக்கத்தில் முந்நூறு சதுர அடி குழந்தைகளுக்கு. வெயில் நன்றாக விழும் ஓரத்தில் மூன்று பாத்தி மட்டும் கீரைக்கும் மூலிகைக்கும். மூன்றையும் ஒரு கோடை முழுக்கக் காப்பாற்றிக் காட்டினால் அடுத்த வருடம் நான்காவது. மிச்சம் நடைபாதையும் மழைநீர்க் குழியும்.

இரண்டு சென்டுக்குக் குறைவாக இருந்தால் எதையும் பிரிக்காதீர்கள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கொட்டும் முன் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால், கையுறை போட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். பச்சை வலை ஒன்று கட்டி, பத்து நாற்காலி போடுங்கள். எந்த நேரத்தில், எந்த மூலையில், யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். குறிப்பாக, கூட்டத்துக்கு வராத அந்தப் போட்டித் தேர்வுப் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். நாற்காலி தானாக நகர்ந்து சேரும் இடத்தில்தான் பெஞ்சு போட வேண்டும்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் ஒரு வழி. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைச் சேர்க்கும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிகள் கூரை, கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்ற நிலையான வேலைகளுக்கு ஏற்றவை. செடிக்கும் தினசரிக் கூலிக்கும் அவற்றில் வழி தேடாதீர்கள்; அதற்கு ஊரில் மாதாமாதம் கொஞ்சம் தருகிற இருபது பேரைப் பிடிப்பதே நடைமுறை. ரூபாய் 1,000 கட்டிப் புரவலர் ஆனவர்களின் பட்டியல் நூலகத்திலேயே இருக்கும்; அங்கிருந்து தொடங்கலாம்.

காலக்கணக்கும் உண்டு. கட்டட வேலையெல்லாம் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடியட்டும். மரக்கன்றைப் புரட்டாசி கடைசியில், மழைக்குச் சற்று முன்னால் நடுங்கள். மூன்று மாத மழையில் வேர் பிடித்துவிட்டால் முதல் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் போதும்.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் நான்கு விஷயம் இருந்தால் பதில் சீக்கிரம் வரும்: இடத்தின் அளவும் கையால் வரைந்த படமும், துறைக்குச் செலவு எவ்வளவு, ஊர் எவ்வளவு தருகிறது என்ற தெளிவு, பராமரிப்புக்குப் பொறுப்பேற்கும் ஐந்து பேரின் கையெழுத்து, கட்டட விரிவாக்கம் வந்தால் எந்தப் பகுதியைத் தொந்தரவில்லாமல் விட்டுக்கொடுப்போம் என்ற ஒரு வரி. கடிதத்தின் நகலை உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி நூலகக் கோப்பில் வையுங்கள். நூலகர் மாறினாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.